ஒன்பதாம் வாரத்துத் தக்காளி

நவநீதன் தன் சொந்தத் தோட்டத்துக் காய்க்காக வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஆறேழு பேர். எல்லோரும் பங்காளிகள். வாலில் நின்றவர்தான் நிலத்துக்காரர்.

"என்னங்கண்ணா, உங்க தோட்டத்துக் காய்க்கு நீங்களே கியூவா?" என்றான் முன்னால் நின்ற கிருத்திக்.

"கல்யாண வீட்டுல மாப்பிள்ளையோட அப்பன் கடைசிப் பந்தியிலதானப்பா உக்காரோணும்," என்றார் நவநீதன்.

இருவரும் சிரித்தார்கள். ஐந்து வருடமாக எல்லாச் சனிக்கிழமையும் இதே கேள்வி, இதே பதில், இதே அளவு சிரிப்பு. காய் மாறாதபோது பேச்சு மட்டும் எங்கிருந்து மாறும்?

இடம், கோயம்புத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளம். ஒரு காலத்தில் கார் நிறுத்திய இடத்தில் இப்போது பீரோ பீரோவாகப் பெட்டிகள் நின்றன. கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தால் ஒரு வெயில் தெரியும். அது கோயம்புத்தூர் வெயில் இல்லை. உடுமலைக்குத் தெற்கே, மலையடிவாரத்தில், நவநீதனின் நாலு ஏக்கரில் ஐந்து வருடத்துக்கு முன்னால் அடித்த வெயில். அந்த வெயிலில் அவருடைய தக்காளிச் செடிகள் அன்று எப்படி நின்றனவோ அப்படியே இன்றும் நின்றன. தோட்டம் அங்கே தரிசாகக் கிடந்தது. இங்கே பழைய பாட்டு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

பங்காளி என்று பெயர் வைத்தது நவநீதன்தான். பருவம் தொடங்கும் முன்பே நாற்பது வீடுகள் பங்கு போட்டுவிடும். விளைந்தால் நாற்பது வீட்டுக்கும் உண்டு. விளையாவிட்டால் நாற்பது வீட்டுக்கும் இல்லை. சனிக்கிழமை சனிக்கிழமை கூடை வரும். அதில் என்ன இருக்கும் என்பது மழைக்கும் பூச்சிக்கும்தான் முதலில் தெரியும், நவநீதனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும். விளைச்சலில் பங்கு, நட்டத்தில் பங்கு, சண்டையில் முழுப் பங்கு. இந்த உறவுக்குப் பங்காளி என்பதை விட்டால் தமிழில் வேறு என்ன சொல் இருக்கிறது?

ஆடியில் விதைத்தால் புரட்டாசிக் கூடையில் கீரையும் பிஞ்சு வெண்டையும் இருக்கும். ஐப்பசியில் தோட்டமே சேறாகி, காயைவிட மண் கூடுதலாகப் போகும்; பங்காளிகள் திட்டிக்கொண்டே கழுவுவார்கள். கார்த்திகையில் அவரைப் பந்தலுக்குள் நுழைந்தால் தலைமுடி முழுக்க ஊதாப் பூ உதிரும். அது தெரியாமல் நவநீதன் அப்படியே கூடை இறக்கப் போய், யாரோ வீட்டு விசேஷத்துக்கு வந்த ஆள் என்று மரியாதையாக உட்கார வைக்கப்பட்டதும் உண்டு. மார்கழிப் பனியில் முள்ளங்கி. தையில் ஆள் எடை உள்ள பரங்கிக்காய். லிஃப்ட் வேலை செய்யாத வீட்டுக்காரர்கள் அந்த மாதம் போனை எடுக்க மாட்டார்கள். பங்குனியில் சுரைக்காய். அதற்கடுத்த வாரமும் சுரைக்காய். அதற்கும் அடுத்த வாரம், வேறு வழியில்லாமல், சுரைக்காய்.

ஒரு பங்குனியில் ஆறு வாரம் தொடர்ந்து சுரைக்காய் போனபோது ஜெசிந்தா டீச்சர் பங்காளிகள் குழுவில் குரல் செய்தி போட்டார்: "நவநீதா, சமைக்கற மட்டும் சமைச்சாச்சு. இனி மிச்சத்தைக் குடுக்கையாக் காயப்போட்டு நாப்பது வீட்லயும் வீணை வாசிக்கக் கத்துக்க வேண்டியதுதான்."

அந்த ஆறு வாரத்தில் சுரைக்காய் அடை, சுரைக்காய் அல்வா, சுரைக்காய்த் தோல் துவையல் என்று குழு கொதித்தது. ஒருவர் வீட்டு அல்வா இன்னொருவர் வீட்டுக்குப் போனது. நன்றாக இல்லை என்று திரும்பியும் வந்தது. அதுவரை கூடை வாங்கும்போது தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த ஆட்கள் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது அந்தச் சுரைக்காய்ப் பஞ்சத்தில்தான்.

இத்தனையும் விளைவித்தவள் நவநீதனின் மனைவி இந்துஜா. ஒரு காலத்தில் இந்துஜா என்றால் கல்லூரிக்குப் போகிற பெண்ணின் பெயர். இப்போது முட்டிக்குத் தைலம் தேய்க்கிறவர்களின் பெயர் ஆகிவிட்டது. மண்ணைப் பார்ப்பது, விதையைப் பார்ப்பது, தண்ணீர் விடுவதா நிறுத்துவதா என்று முடிவு செய்வது எல்லாம் அவள். கூடை இறக்குவது, கதை சொல்லுவது, பங்காளிகளைச் சிரிக்க வைப்பது நவநீதன். "நம்ம தோட்டத்துல காயைவிட இவிய பேச்சுதானுங்க அமோகமா விளையுது," என்று அவள் சொல்வதுண்டு. நவநீதன் அதையும் பங்காளிகளிடம் சொல்லிச் சிரிப்பு வாங்கிவிடுவார்.

பிறகு தண்ணீர் நின்றது. வாய்க்கால் மூன்று வருடம் வெறும் மணலாகக் கிடந்தது. ஆழ்துளைக் கிணறு காற்றை மட்டும் இறைத்தது. பங்காளிகள் ஒருவரும் பங்கைத் திருப்பிக் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அப்போதுதான் ஒரு கம்பெனியிலிருந்து ஆத்மிகா என்ற பெண் தோட்டத்துக்கு வந்தாள். பயிர் படித்தவள். செருப்பை வரப்பிலேயே கழற்றிவிட்டு வந்ததில் இந்துஜாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"பருவப்பதிவுன்னு பேரு அங்கிள்," என்றாள். "பாட்டைப் பதிவு பண்றோமில்ல, அந்த மாதிரி. உங்க வெயில், காத்து, மண்ணுக்குள்ள இருக்கற நுண்ணுயிர், வேருக்குப் போற தண்ணி எல்லாத்தையும் ஒரு பருவம் முழுக்க அளந்து வச்சுக்குவோம். அப்புறம் அதையே பெட்டிக்குள்ள மறுபடி நடத்துவோம். செடிக்கு உங்க தோட்டத்துல நிக்கறதாத்தான் நெனப்பு இருக்கும்."

"பாவம் செடி," என்றாள் இந்துஜா.

"பெட்டிக்குத் தண்ணி வேண்டாமா?" என்றார் நவநீதன்.

"செடி விடற ஆவியையே பிடிச்சு வேருக்குத் திருப்பிடுவோம். ரொம்பக் கொஞ்சம் போதும்."

"அப்ப நாங்க என்ன பண்றது?"

"ஒரே ஒரு தடவை வெள்ளாமை பண்ணிக் குடுத்துட்டு ஓய்வெடுங்க அங்கிள். பதிவுக்கு வேண்டிய தண்ணியை லாரியில நாங்க கொண்டாந்து தர்றோம். நாப்பது வீட்டுக்கும் வாராவாரம் உங்க தோட்டத்துக் காயே போகும். ஒரே ஒரு சட்டம். அந்த நிலத்துல மறுபடி விதை போட்டீங்கன்னா பதிவை அழிச்சிடுவோம். ஒரே தோட்டத்துப் பேர்ல ரெண்டு ருசி ஊருக்குள்ள சுத்தக் கூடாது. அதுவும் நாப்பது பங்காளிகளும் ஒத்துக்கிட்டாத்தான் அழிப்போம். ஒருத்தர் மாட்டேன்னாலும் நீங்க விதைக்க முடியாது."

மறுபடி விதைப்பதா? நவநீதன் சிரித்தார். வரப்பில் நின்ற வேப்பமரமே காய ஆரம்பித்திருந்தது.

பதிவு என்றதும் நவநீதனுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. காலத்துக்கும் நிற்கப்போகிற பருவமாயிற்றே! போட்டோ ஸ்டுடியோவில் தலைசீவி, பவுடர் போட்டு, மூச்சைப் பிடித்து உட்காருகிற ஆளைப்போல அவர் அந்தப் பருவம் முழுக்க விவசாயம் செய்தார். களை எடுக்கக்கூடச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனார். கருவி மண்ணைத்தான் அளக்கும், வேட்டியை அளக்காது என்று ஆத்மிகா சொல்லியும் கேட்கவில்லை. தண்ணீரைக் கண்டு மூன்று வருடமான கையாயிற்றே, லாரித் தண்ணீரைக் காலையும் மாலையும் சொட்டுக்குழாயில் தாராளமாகத் திறந்துவிட்டார். செடிகள் பளபளவென்று நின்றன.

"ஏனுங்க, தக்காளிக்கு இத்தனை தண்ணி ஆகாதுங்க," என்றாள் இந்துஜா. "பழம் சப்புன்னு போயிரும். கொஞ்சம் காயப் போடுங்க."

"இது பதிவாகுது அம்மிணி. செடி வாடி நின்னா நாளைக்கு ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு பாக்கப் போறதில்லீங்க. திங்கப் போவுது."

"முப்பது வருஷமா இதே பேச்சு. எல்லாம் தெரிஞ்சவ நீதானே, அப்ப நீயே பாத்துக்க."

"நான் இனி அந்த வால்வைத் தொட்டேன்னா என்ற பேரு இந்துஜா இல்லீங்க."

"நானும் தொட மாட்டேன், போ!"

யாரும் தொடவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் நவநீதன் சுவரைப் பார்த்துச் சொல்வார். இந்துஜா உப்பைச் சுவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். சித்திரை வெயிலில் தக்காளி இலை சுருண்டது, காம்பு தொங்கியது. இருவரும் ஆளுக்கொரு வரப்பில் நடந்து அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி திரும்பினார்கள். ஒரு வாரத்துக்கு மேல் தாங்கியது அந்த வைராக்கியம். பிறகு ஒரு விடியற்காலையில் மனைவிக்குத் தெரியாமல் வால்வைத் திறக்கப் பூனை நடை நடந்து போன நவநீதன், புருஷனுக்குத் தெரியாமல் அதே வால்வைத் திறக்க வந்திருந்த இந்துஜா மேல் முட்டிக்கொண்டார். சபதத்தை இருவரும் ஒரே நேரத்தில் முறித்ததால் யார் தோற்றார்கள் என்பது கடைசி வரை முடிவாகவில்லை.

பதிவு முடிந்து பெட்டியில் முதன்முறை விளைய வைத்தபோது உண்மை தெரிந்தது. காய்கள் எல்லாம் பார்க்க லட்சணம், வாயில் வைத்தால் ஒன்றுமில்லை. ஆதார் அட்டைப் போட்டோ போல இருந்தது பருவம். ஆள் அவர்தான், உயிர் இல்லை. ஒன்பதாம் வாரத்துத் தக்காளி மட்டும் வேறு. கடித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"தண்ணி இல்லாமப் பயந்துபோன செடி, இருந்த சக்கரையெல்லாம் பழத்துக்குள்ள கொண்டுபோய்ச் சேத்திருக்கு அங்கிள்," என்றாள் ஆத்மிகா. "அந்த வாரம் என்னாச்சு?"

நவநீதன் மேலே பார்த்தார். இந்துஜா அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். பத்து 'நான் அப்பவே சொன்னேன்' அந்தப் பார்வைக்குள் அடக்கம்.

பங்காளிகள் ஒன்பதாம் வாரத்தையே கேட்டார்கள். கம்பெனிக்கு அது பெரிய வேலையில்லை. பெட்டிகளை ஒரு வாரம் தள்ளித் தள்ளி ஓடவிட்டால் எந்தச் சனிக்கிழமையும் ஏதோ ஒரு பெட்டிக்கு ஒன்பதாம் வாரம் நடக்கும். அதில் மட்டும் பறித்தால் போதும். ஆக, ஆடி போயிற்று. கார்த்திகை போயிற்று. சேறு, அவரைப் பூ, பரங்கிக்காய், சுரைக்காய் எல்லாம் போயின. வருடம் முழுக்க அதே தித்திப்புத் தக்காளி, அதே பீர்க்கங்காய், அதே கத்தரி, அதே கொத்தவரை. ஒரு குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாததால் பங்காளிகள் குழுவில் பேச்சு வற்றியது. பொங்கலுக்கு வாழ்த்து வந்தது. அடுத்த பொங்கலுக்கு அதே வாழ்த்து வந்தது.

நவநீதனும் இந்துஜாவும் அதே குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு கூடை உண்டு. ஞாயிற்றுக்கிழமை தோசைக்குத் தக்காளிச் சட்னி. அந்தச் சட்னியைத் தொட்டதும் இருவருக்கும் அந்தப் பாழாய்ப்போன வாரம் நாக்கில் ஏறும். அத்துடன் பேச்சு நின்றுவிடும். உப்பு கம்மி என்று அவர் சுவரைப் பார்ப்பார். திங்கட்கிழமைதான் சரியாகும். கோயம்புத்தூரே ருசித்துச் சாப்பிட்ட தங்கள் சண்டையை அவர்கள் இருவரால் மட்டும் ஜீரணிக்க முடியவில்லை.

இப்படி ஐந்து வருடம் போன பிறகு, அந்த வைகாசியில் மலையில் மழை கொட்டியது. ஆனிக் கடைசியில் தோட்டத்துப் பக்கத்துக்காரர் சென்னியப்பன் போன் செய்தார்.

"மாப்ள, வாய்க்கால்ல தண்ணி வருதய்யா. அணை நெறஞ்சு ரெண்டு வருசத்துக்குத் தண்ணி விடறாங்களாமா. உன்ற மடை வரைக்கும் வந்து நிக்குது. உள்ள விடட்டுமா, வேண்டாமா?"

வாசலில் வந்து நிற்கிற ஆளைப் பற்றிக் கேட்பது போல் இருந்தது அந்தக் கேள்வி. நவநீதன் போனைக் கையில் வைத்துக்கொண்டே இந்துஜாவைத் தேடிப் போனார்.

"போலாமா அம்மிணி? ஆடிப்பட்டத்துக்கு இன்னும் நாளிருக்குது."

"எனக்கென்னுங்க, இப்பக் கூப்பிட்டாலும் வருவேன்," என்றாள் இந்துஜா. "நாப்பது பங்காளியும் சரீன்னு சொல்லோணுமே. கையில இருக்கற தேனைக் கொட்டிட்டு எவிய வருவாங்க?"

அடுத்த சனிக்கிழமை, பெட்டிகளுக்கு நடுவில், பங்காளிகள் கூட்டம் நடந்தது. ஆத்மிகாவும் வந்திருந்தாள். நவநீதன் எழுந்து நின்றார். ஐந்து வருடத்தில் முதன்முறையாகச் சொல்வதற்குப் புதிதாக ஒன்று இருந்ததால் நாக்கு குழறியது.

"நான் பொய் சொல்ல மாட்டேனுங்க. இந்தத் தக்காளி மாதிரி அங்க விளையும்னு சொல்ல முடியாது. சேறு வரும். பரங்கிக்காய் வரும். சுரைக்காய் சத்தியமா வரும்." சிலர் சிரித்தார்கள். "பெட்டியில இருக்கறது அழிஞ்சிரும். அதுக்கப்புறம் வேணும்னாலும் கெடைக்காது. நீங்கதான் சொல்லோணும்."

கிருத்திக் எழுந்தான். "அண்ணா, என் பொண்ணுக்கு நாலு வயசு. அவளுக்கு உலகத்துல ஒரே ஒரு தக்காளிதான் தெரியும். வேற எதைக் குடுத்தாலும் இது தக்காளி இல்லைங்கறா. நான் அவளுக்கு என்னன்னு சொல்றது?"

"அவளுக்கு நான் ஒரு பரங்கிக்காயைத் தர்றேன்டா. மேல உக்காந்து வெளையாடட்டும்," என்றாள் இந்துஜா. கிருத்திக்குக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒருவர் கை தூக்கினார், இன்னொருவர் தூக்கினார். யோசித்தவர்கள் பக்கத்து ஆளைப் பார்த்துத் தூக்கினார்கள். கிருத்திக்கும், "அழுதா உங்க வீட்டுலதான் கொண்டுவந்து விடுவேன்," என்று சொல்லிக்கொண்டே தூக்கினான். தூக்காத கை ஒன்றே ஒன்று. முதலில் தூக்குவார் என்று நவநீதன் நம்பியிருந்த ஜெசிந்தா டீச்சரின் கை.

"டீச்சர்?"

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க எல்லாருக்கும் சொல்லலை. எங்க வீட்டு சாருக்கு மறதி வந்து நாலு வருஷமாச்சு. மொதல்ல சாவி மறந்தாரு. அப்புறம் தெரு. இப்ப நான் யாருன்னே தெரியலை. வேலைக்கு வந்த பொம்பளைன்னு நெனச்சுக்கிட்டு ரொம்ப மரியாதையா நடந்துக்கறாரு. வாரம் பூரா வாய் தெறக்க மாட்டாரு. சனிக்கிழமை இந்தத் தக்காளியை நறுக்கி வச்சா ஒரு துண்டு வாயில போட்டுட்டு, 'நவநீதன் தோட்டமா?'ன்னு கேப்பாரு. அது ஒண்ணுதான் அவருக்கு ஞாபகம் இருக்கு. அதை எப்பிடிப்பா நான் அழிக்கச் சொல்றது?"



"அய்யோ, வேண்டாமுங்க டீச்சர்," என்றார் நவநீதன் உடனே. "இத்தோட விட்டுருவோம். தண்ணி அதுபாட்டுக்குச் சென்னியப்பன் காட்டுக்குப் போயிட்டுப் போவுது." சிரிக்கப் பார்த்தார், வாய் கோணியதோடு சரி. மடையில் நிற்கும் தண்ணீர் கண்ணுக்குள் தெரிந்தது.

இந்துஜா டீச்சருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நவநீதன் தோட்டமான்னு கேட்டப்புறம் சார் என்னங்க டீச்சர் பேசுவாரு?"

"நான் ஆமான்னு சொல்லுவேன். அவரு தலையாட்டுவாரு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லம்மா. அடுத்த சனிக்கிழமைதான்."

டீச்சர் பெட்டிக் கண்ணாடிக்குள் நின்ற செடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருடத்துக்கு முந்தைய காற்றில் இலைகள் ஒரே பக்கமாக அசைந்தன, நின்றன, மறுபடி அசைந்தன.

"செடி மாதிரியேதாம்மா நாங்களும்," என்றார். "நாலு வருஷமா எனக்கு ஒரே சனிக்கிழமை. ஒரே கேள்வி. ஒரு ஆமா." மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கையைத் தூக்கினார். "அழிச்சிடுங்க."

"டீச்சர், நல்லா யோசிச்சு…" என்று இழுத்தார் நவநீதன்.

"எனக்கு வாரத்துல ஆறு நாள் பேச ஆளில்லாமச் சும்மாதானே கெடக்கு? யோசிக்காம வேற என்ன பண்ணிட்டிருந்தேன்னு நெனக்கற? அழிக்கச் சொல்லு அந்தப் பொண்ணை. நான் மனசு மாத்திக்கறதுக்குள்ள."

ஆத்மிகா அழித்தாள். பெட்டிக்குள் வெயில் அணைந்தது. அன்று யாரும் உடனே வீட்டுக்குப் போகவில்லை.

ஆடியில் விதைத்தார்கள். ஐந்து வருடம் கிடந்த தோட்டத்தில் கோரையும் பார்த்தீனியமும் ஆள் உயரம் நின்றன. பங்காளிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து களை பிடுங்கினார்கள். பாதி நாற்றையும் சேர்த்துப் பிடுங்கினார்கள். நவநீதன் பழைய வேட்டியோடு சேற்றில் வழுக்கி விழுந்ததை கிருத்திக் படம் பிடித்துக் குழுவில் போட, குழு நெடுநாளைக்குப் பிறகு அல்லோலகல்லோலப்பட்டது. புரட்டாசிக் கூடையில் கீரை போனது. மண்ணோடு போனது.

நவநீதன் மனசு முழுக்க ஒரு பாத்தியின் மேல்தான் இருந்தது. கிணற்றோரம் இருந்த தக்காளிப் பாத்தி. டீச்சர் வீட்டுக்கு என்று ஒதுக்கியது. அதன் வால்வு இந்துஜாவின் பொறுப்பு. அவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. காய் திரளும்போது அவள் தண்ணீரை அளந்து அளந்து குறைத்தாள். இலை லேசாக வாடியதும் நவநீதன் வாயைப் பொத்திக்கொண்டார். ஒன்பதாம் வாரத்தைச் சண்டை போடாமலே விளைவித்துவிடலாம் என்று இருவருக்கும் நம்பிக்கை வந்தது.

ஐப்பசி பிறந்ததும் வானம் தன் வால்வைத் திறந்தது. இரவும் பகலும் கொட்டிய மழையில் தக்காளி ஊதிப்போய் வெடித்தது. நவநீதன் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். தண்ணீரும் புளிப்பும்தான் இருந்தன.

"இதை டீச்சர் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் அம்மிணி," என்றார். "கடையில நல்லதா ஒரு கிலோ வாங்கி வச்சிரலாம்."

"பங்குன்னா பங்குதானுங்க," என்றாள் இந்துஜா. வெடிக்காத பழங்களாகப் பொறுக்கிக் கூடையில் வைத்தாள். அவள் கையும் சுறுசுறுப்பாக இல்லை.

சனிக்கிழமை மதியம் போன் வந்தது. நவநீதன் தோட்டத்து வீட்டுத் தாழ்வாரத்தில் நனைந்த சாக்கை உதறிக்கொண்டிருந்தார்.

"நவநீதா." டீச்சரின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "தக்காளியை நறுக்கி வச்சேன். ஒரு துண்டு வாயில போட்டாரு. துப்பிட்டாரு."

"டீச்சர்…"

"நவநீதன் தோட்டமான்னு கேக்கலை."

அவர் சாக்கைக் கீழே போட்டார். "மன்னிச்சுக்குங்க டீச்சர். மழையில எல்லாம் பாழாப்…"

"குறுக்க பேசாத, கேளு. துப்பிட்டு என்னை ஏற எறங்கப் பார்த்தாரு. 'ஏம்மா, நீ யாரு? தக்காளி பாத்து வாங்கத் தெரியாதா உனக்கு?'ன்னாரு. எங்களுக்குக் கல்யாணமான மொத வாரமும் இதையேதான் கேட்டாரு நவநீதா. அப்ப 'நீ யாரு'ன்னு மட்டும் கேக்கலை." டீச்சர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. "நான் விடுவனா? 'அவ்வளவு தெரிஞ்சவரு நீங்களே போய் வாங்கிட்டு வரவேண்டியதுதானே'ன்னு கேட்டேன். 'பையை எடு'ன்னு எந்திருச்சுட்டாரு. வாசல்ல நின்னு செருப்பைத் தேடறாரு. சந்தைக்கு எந்தப் பக்கம் போறதுன்னு சத்தம் போடறாரு. கேக்குதா?"

கேட்டது. தூரத்தில் ஓர் ஆண் குரல், ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த கதவைத் திறக்கிற மாதிரி, எதையோ அதட்டியது.

"வைக்கறேன்ப்பா. கூடப் போகணும்."

போன் அணைந்தது. இந்துஜா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளிருந்து ஓடி வந்தாள்.

"டீச்சருங்களா? என்னுங்க சொன்னாங்க?"

எதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருக்கிற நவநீதன் இப்போது இரண்டு முறை கனைத்துக்கொண்டார்.

"புளிக்குதாம். நம்மளுது ஆகாதாம்," என்றார். "அவரும் டீச்சரும் சந்தைக்குப் போறாங்க, நல்ல தக்காளி வாங்கறதுக்கு."